கறுப்புத் தலை, சிவந்த கழுத்து

“உள்ள கீறது ஆமைன்னு தெரிஞ்சிருந்தா வண்டியிலயே ஏத்தியிருக்க மாட்டேன் மேடம். சீட்டெல்லாம் தண்ணி. இன்னும் பாசி நாத்தம் போவல.”

சைதாப்பேட்டை ஸ்டாண்டில் தன் ஆட்டோவின் பின் சீட்டைத் தட்டிக் காட்டினார் அன்வர் பாஷா. நீரஜா குனிந்து முகர்ந்து பார்த்தாள். குளத்து வாடைதான். சந்தேகமே இல்லை.

“போலீஸ்ல மோந்து பாக்கறதுக்கு நாய் வெச்சிக்கிறாங்கோ. நம்ம ஆபீஸ்ல அதையும் மேடமே பாத்துடறாங்கோ,” என்றான் அவள் உதவியாளன் மதிவாணன்.

நீரஜா அவனை முறைத்தாள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வளர்ப்பு மீன் விற்பவர்கள், பறவை விற்பவர்கள், சந்தைத் தரகர்கள் என்று அலைந்து அலைந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் வெயிலும் கால்வலியும்தான். காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குகளைப் பிடித்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு தி. நகரில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, ஒருநாள் ஓர் ஆமைக்காக இப்படி ஊர் சுற்றுவோம் என்று அவள் நினைக்கவில்லை.

காணாமல் போனது சாதாரண ஆமை இல்லை. வங்கத்துக் கழிமுகங்களில் வாழும் ஆற்றாமை. டைனோசர்கள் நடமாடிய காலத்திலிருந்து அறுந்துபோகாமல் வருகிற வம்சம். இப்போது காட்டில் தேடினாலும் கண்ணில் படுவதில்லை. பாலவாக்கத்தில் இருக்கும் நெய்தல் ஊர்வனப் பூங்காவில், தனிக் குளத்தில் ஐந்து பெண் ஆமைகளோடு ஒரே ஓர் ஆண் வளர்ந்தது. பூங்காவில் எல்லோரும் அவனை ‘மாப்பிள்ளை’ என்பார்கள். ஒரு நாள் விடியற்காலையில் மாப்பிள்ளையைக் காணவில்லை. அவன் இல்லாவிட்டால் அந்தக் குளத்தில் இனிமேல் குஞ்சு என்ற பேச்சே கிடையாது. கண்டுபிடித்துத் தரும்படி பூங்கா நிர்வாகம் நீரஜாவை அமர்த்தியிருந்தது.

பூட்டு உடைந்திருக்கவில்லை. ஆகவே சாவி வைத்திருந்த ஊழியர் சண்முகவேலைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் மனைவி தேவானை காலையும் மாலையும் நீரஜாவுக்குப் போன் செய்து திட்டினாள். “ஆமைய தேடறீங்களே, மனுசன் உள்ள கீறானே, அவன யாரு தேடுவா?”

“பாலவாக்கத்துல யாரு ஏறினாங்க, பாய்?”

“ஒரு லேடி. மூஞ்சி பூரா துப்பட்டா. நீலக் கலர் டப்பு, மேல ஈரச் சாக்கு. புடிச்சித் தூக்கினா அம்மிக் கல்லாட்டம் கனம். மயிலாப்பூர்ல குளத்துக்குப் பின்னாடி ஒரு தெரு முனையில எறங்கிகிச்சு. இஸ்திரி வண்டி ஒண்ணு நிக்குமே, அங்க. நேத்துதான் செவுத்துல உங்க நோட்டீசைப் பாத்தேன்.”

பூங்காவின் மருத்துவரும் பொறுப்பாளருமான சாருலதா தயாரித்துக் கொடுத்த நோட்டீஸ் அது. ‘காணவில்லை’ என்று பெரிய எழுத்து. கீழே மாப்பிள்ளையின் வண்ணப்படம். அதற்கும் கீழே, ‘அடையாளம்: கறுப்புத் தலை, சிவந்த கழுத்து.’

“வண்டியை எடுங்க பாய். அந்த முனைக்கே போகலாம்,” என்றாள் நீரஜா.

மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலைகளில் ஆட்டோ நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். நீரஜா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஆற்றாமைன்னு யாரு மேடம் பேரு வெச்சது?” என்றான் மதிவாணன். “ஆமைக்கு வெச்சாங்களா, நமக்கு வெச்சாங்களா?”

தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரி பொன்மணி கேட்டவுடனே சொல்லிவிட்டாள். “ஆமா, நான்தான் ஒரு கை புடிச்சேன். அதோ, பச்சை கேட்டு போட்ட அய்யர் வூடு. அந்தப் பொண்ணு பெல்லுகூட அடிக்கல. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, பக்கத்துச் சந்து வழியா நேரா கொல்லைக்குப் பூந்துடுச்சு. ஒரு தேங்க்ஸ் சொல்லிச்சா? அதுவும் கெடையாது.”

மதிவாணனின் முகம் மலர்ந்தது.

பச்சை கேட்டைத் திறந்தவர் ஸ்ரீனிவாசராகவன். வயதானவர், வெள்ளை வேட்டி, மூக்கு நுனியில் கண்ணாடி. ஆமை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

“ஆமையா? எங்காத்துலயா?”

“கொல்லைப்பக்கம் பார்க்கலாமா, சார்?”

அவர் ஒரு கணம் தயங்கிவிட்டு வழிவிட்டார். கொல்லையில் பழைய கிணறு. அதை ஒட்டி ஒரு சிமென்ட் தொட்டி. தொட்டிக்குள் தண்ணீருக்கு மேலே, கவிழ்த்துப் போட்ட இரும்புச் சட்டி மாதிரி ஒரு முதுகு.

“மாப்ள!” என்று கத்தினான் மதிவாணன்.

ஆமை தலையைத் தூக்கியது. நீரஜா நோட்டீஸை விரித்துப் பார்த்தாள். மறுபடி ஆமையைப் பார்த்தாள். சாம்பல் நிறத் தலை. கழுத்திலும் அதே சாம்பல். சிவப்பின் சாயல்கூட இல்லை.

“இது எங்க கிணத்து ஆமை, அம்மா,” என்றார் ஸ்ரீனிவாசராகவன். “கல்கத்தாவுல உத்தியோகம் பார்த்தப்போ உள்ளங்கை அளவுல கொண்டு வந்தேன். ஆத்துல வச்சுண்டிருக்கறது சட்டப்படி தப்புன்னு அப்போ எனக்குத் தெரியாது. இப்போ தெரியும். ஆனா இத்தனை வருஷம் கழிச்சு எங்கே கொண்டு விடறது, சொல்லுங்கோ.”

“டப்புல வந்தது இதுதானா?”

“ஆமாம். கொஞ்ச நாளா டாக்டர்கிட்ட இருந்தது. இப்போதான் திரும்பக் கொண்டு வந்து விட்டா.” ஆமையின் முதுகை அவர் தடவிக் கொடுத்தார். ஓட்டின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு துண்டு உடைந்திருந்தது. “இதோ பாருங்கோ, கிணத்து வாளி பட்டு உடைஞ்சது. அப்போ எங்காத்து மாமிகூட அழுதா. இது திருட்டு ஆமை இல்லை, அம்மா.”

தெருவுக்கு வந்ததும் மதிவாணன் ஆமையின் படத்தைச் சாருலதாவுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டான். ஸ்பீக்கரில் அவள் குரல் பளிச்சென்று வந்தது.

“இல்லை. இது அவன் இல்லை. டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் ஆண் ஆற்றாமைக்குத் தலை கறுத்துடும், கழுத்து செவந்துடும். ஜோடி சேர்ற காலம். இந்த மாசத்துல சாம்பல் தலையோட இருந்தா அது மாப்பிள்ளையா இருக்கவே முடியாது. யாரோ வீட்டுல வளர்க்கறாங்க போல. அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க.”

“சந்தேகமே இல்லையா, டாக்டர்?” என்றாள் நீரஜா.

“துளிகூட இல்லை.”

போன் அணைந்தது. நீரஜா நோட்டீஸைக் கசக்கி உருட்டினாள். வீசி எறிய இடம் தேடி, கிடைக்காமல், கைப்பைக்குள்ளேயே திணித்துக்கொண்டாள். தடயம் இருந்தது. ஆள் கிடைத்தார். ஆமைகூடக் கிடைத்தது. ஆனால் வேறு ஆமை! இதைவிட ஒன்றுமே கிடைக்காமல் இருந்திருக்கலாம்.

மாட வீதியில் ஒரு காபிக் கடையில் போய் நின்றார்கள். மதிவாணனின் போன் கிணுகிணுத்தது.

“தேவானைக்கா வீடியோ அனுப்பிகீது. ‘ஆமைய கொஞ்சறான் பாரு, இவனா திருடுவான், நீயே பாத்துச் சொல்லு’ன்னு எழுதிகீது.”

“காட்டு.” காட்டாவிட்டால் அதற்கும் தேவானை திட்டுவாள்.

சண்முகவேல் ஒரு கையால் கீரையை நீட்டிக்கொண்டு இன்னொரு கையால் எடுத்த வீடியோ. “வா மாப்ள, வா. கோவமா? துன்னுடா ராசா.” தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு தலை எழும்பியது. கீரையைக் கவ்வியது. முதுகு திரும்பியது. அவ்வளவுதான்.

“பாவம் மேடம், நல்ல மனுசன்,” என்று போனைப் பைக்குள் போடப் போனான் மதிவாணன். அவன் மணிக்கட்டை நீரஜா இறுக்கிப் பிடித்தாள்.

“எப்ப எடுத்தது இது?”

“போன வாரம்னு அக்கா போட்டிருக்கு.”

“எந்தக் குளம்?”

“ஆற்றாமைக் குளம்தான். பின்னாடி போர்டே தெரியுதே.”

“தலை என்ன கலர்?”

மதிவாணன் வாயைத் திறந்தான். மூடினான். வீடியோவை மறுபடி ஓட்டினான். “சாம்பல்… இன்னா மேடம் இது? மாப்ள மேக்கப் போட மறந்துட்டாரா?”

“முதுகு திரும்பற இடத்துல நிறுத்து. பெரிசாக்கு.”

ஓட்டின் ஓரத்தில் அதே பிறை மாதிரி உடைசல்.

“பூங்காக் குளத்துல ஏது மதி கிணத்து வாளி?”

அவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். “அப்போ கெயவர்தான் திருடினாரா?”

“யாருமே திருடலை. அவர் வீட்டு ஆமை அவர் வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கு. அந்தப் பெரியவர் ஒரு பொய்கூடச் சொல்லலை. நாமதான் சரியாக் கேக்கலை. ஆமை டாக்டர்கிட்ட இருந்ததுன்னாரே, எந்த டாக்டர்னு கேட்டோமா? பெல் அடிக்காம கொல்லைக்குப் போன பொண்ணு யாருன்னு கேட்டோமா?”

மதிவாணன் தலையில் அடித்துக்கொண்டான். “ஆனா சண்முகவேலு அண்ணனுக்கு மாப்ளயத் தெரியாதா?”

“தெரியாது. பொங்கலுக்கு அப்புறம்தான் அவரை முதலைப் பக்கத்துலேர்ந்து இந்தக் குளத்துக்கு மாத்தினாங்க. நிஜ மாப்பிள்ளையைக் கிட்ட வெச்சு அவர் பார்த்ததே இல்லை. மாத்தினது யாரு? தலை கறுப்பா இல்லைன்னா அது மாப்பிள்ளையே இல்லைன்னு இப்ப நமக்குச் சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னது யாரு? போன வாரம் பூரா அந்தச் சாம்பல் தலையைப் பார்த்துக்கிட்டு வாயே திறக்காம இருந்தது யாரு?”

கேள்விகள் மூன்று. பதில் ஒன்றுதான்.

பாலவாக்கத்தில் கடற்காற்று உப்பை வாரி முகத்தில் அடித்தது. சாருலதா ஆற்றாமைக் குளத்தின் கரையில் உட்கார்ந்து பெண் ஆமைகளுக்குக் கீரை போட்டுக்கொண்டிருந்தாள். நீரஜா போனை நீட்டினாள். சண்முகவேலின் குரல் குளத்தின் மேல் மிதந்தது. “கோவமா? துன்னுடா ராசா.”

சாருலதா கடைசிவரை பார்த்தாள். கையிலிருந்த கீரையைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“பெரியப்பாவை இதுல இழுக்காதீங்க. கொஞ்ச நாள் ஆமையைக் குடுங்கன்னு கேட்டேன், குடுத்தார். எதுக்குன்னு அவருக்குத் தெரியாது.”

“மாப்பிள்ளை எங்கே, டாக்டர்?”

அவள் குளக்கரையில் இருந்த பூவரச மரத்தைக் காட்டினாள். அதன் அடியில் மண் கொஞ்சம் மேடாக இருந்தது.

“பொங்கலுக்கு முன்னாடி. சாப்பிடறதை நிறுத்தினான். அப்புறம் மிதந்தான். நானே அறுத்துப் பார்த்தேன். குடல்ல சிப்ஸ் பாக்கெட். யாரோ வேடிக்கை பார்க்க வந்தவங்க போட்டது.” அவள் அந்த மண் மேட்டையே பார்த்துக்கொண்டு பேசினாள். “ஆண் செத்துட்டா இந்தக் குளத்தை மூடிடறதுன்னு டிரஸ்ட்டுல முடிவே பண்ணி வெச்சிருக்காங்க. மூடிட்டுக் கண்ணாடிச் சுரங்கத்துல மீன் விடப் போறாங்களாம். வங்காளத்துலேர்ந்து வேற ஆண் கேட்டு எழுதினேன். பதில் வர்ற வரைக்கும் சமாளிக்க நெனச்சேன். பதிலுக்குப் பதிலா ஒரு நிபுணர் நேர்ல வர்றதா தகவல் வந்துது. அவர் ஒரு பார்வையிலயே கண்டுபிடிச்சிடுவார். பெரியப்பா ஆமை வேற ஜாதி. மேலோட்டமாத்தான் ஒரே சாயல்.”

“அதனால திருட்டு.”

“ஆமைக்காக யாரைப் போய்க் கைது பண்ணுவாங்கன்னு நெனச்சேன்.”

“பண்ணிட்டாங்க. அப்புறமும் நீங்க வாயைத் திறக்கலை.”

சாருலதா நிமிர்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன. “இன்னும் ஒரு வாரம் குடுங்க. ஆண் திருடு போயிடுச்சுன்னா வங்காளத்துல வேற ஒண்ணு குடுப்பாங்க. என் பொறுப்புல செத்துப்போச்சு, யாருக்கும் தெரியாம பொதைச்சேன்னு தெரிஞ்சா எந்தக் காலத்துலயும் குடுக்க மாட்டாங்க. இந்த இனத்துக்கு இது எவ்வளவு பெரிய…”

“அந்த ஒரு வாரம் சண்முகவேலோடது, டாக்டர். உங்களோடது இல்லை.”

சாருலதா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். காவல் நிலையத்துக்குக் கிளம்பி ஜீப்பில் ஏறும்போது ஒருமுறை மட்டும் திரும்பினாள். “குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற மணல் மேட்டுல யாரையும் நடக்க விடாதீங்க. டிசம்பர்ல அவன் ஜோடி சேர்ந்தான். இவங்கள்ல யாராவது முட்டை போடலாம். போடாமலும் போகலாம்.”

அன்று சாயங்காலம் அவள் வாக்குமூலம் கொடுத்தாள். மறுநாள் சண்முகவேல் வெளியே வந்தார். சைதாப்பேட்டை கோர்ட் வாசலில் நீரஜா தேவானையிடம் போய் நின்றாள். நன்றியை எதிர்பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் எதிர்பார்த்தாள்.

“பேப்பர்ல திருடன்னு போட்டோவோட போட்டாங்கோ,” என்றாள் தேவானை. “அத்த யாரும்மா அழிப்பா?” சொல்லிவிட்டுப் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு பெரும்பாக்கம் பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டாள்.

பூங்கா செயலர் சாய்நாத்துக்கோ ஒரே மகிழ்ச்சி. “பிரமாதம் மேடம்! கேஸ் முடிஞ்சுது. ஆண் செத்தாச்சு, அப்புறம் எதுக்குக் குளம்? திங்கட்கிழமை மண் லாரி வருது.”

நீரஜா போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். குற்றவாளி கிடைத்தாயிற்று. நிரபராதி வெளியே வந்தாயிற்று. எல்லாவற்றையும் சரியாகச் செய்ததற்குப் பலன், ஒரு குளத்தில் மண். பெண் ஆமைகள் ஐந்தும் எங்கேயோ போய், எந்தத் தொட்டியிலோ கிடந்து, வயசாகிச் சாகும். அவற்றைப் பற்றித் தெரிந்த ஒரே மருத்துவரை அவளேதான் போலீஸிடம் ஒப்படைத்தாள்.

“மேடம், ஒரு டவுட்டு,” என்றான் மதிவாணன். “ஒரு எடத்துல பொணம் கெடந்தா, அந்த எடத்த கயிறு கட்டி மூடுவாங்கல்ல? ஆமைன்னா கட்ட மாட்டாங்களா?”

நீரஜா மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வனத்துறை அலுவலகம், காவல் நிலையம், மறுபடி வனத்துறை. யாரும் நாற்காலி காட்டவில்லை. அவள் வாதாடினாள், சட்டப் பிரிவுகளைச் சொன்னாள், கடைசியில் கெஞ்சவும் செய்தாள்.

திங்கட்கிழமை மண் லாரி வந்தபோது குளத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தது. பாதுகாக்கப்பட்ட விலங்கின் உடல் தோண்டியெடுக்கப்பட்ட சம்பவ இடம். வழக்கு முடியும்வரை ஒரு பிடி மண் விழக்கூடாது, ஓர் உயிர் வெளியே போகக்கூடாது.

சாய்நாத் முகம் கடுகடுத்தது. “வழக்கு எப்ப முடியும்?”

“நம்ம கோர்ட்டா சார்?” என்றான் மதிவாணன். “இந்த ஆமைங்களே பேரன் பேத்தி எடுத்துடும்.”

லாரி பின்னோக்கிப் போனது. நீரஜாவுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. கொஞ்ச நாள் வாங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

பூங்கா கேட்டுக்கு வெளியே சாருலதா நின்றுகொண்டிருந்தாள். ஜாமீனில் வந்திருந்தாள். உள்ளே நுழையத் தடை. காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறாள் என்று காவலாளி சொன்னார். நீரஜா அவளைக் கடந்து போக முடியாமல் நின்றுவிட்டாள்.

உள்ளேயிருந்து சண்முகவேல் வந்தார். அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். கையெல்லாம் ஈர மணல். கேட்டின் கம்பிக்கு உள்பக்கமே நின்று, சாருலதாவின் முகத்தைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“ஆமைங்கள்ல ஒண்ணு மணல்ல ஏறி, பின்னங்காலால நோண்டிகினு கீது. நான் கிட்ட போலாமா, கூடாதா? சொல்லு.”

இத்தனை நாளும் அந்த வாயில் ‘மேடம்’ இல்லாமல் ஒரு வார்த்தை வந்ததில்லை. சாருலதா அதைக் கேட்டாள். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள்.

“போகாதீங்க அண்ணா,” என்றாள். “அவ முடிச்சுட்டு இறங்கற வரைக்கும் தள்ளியே நில்லுங்க. அப்புறம் என்ன பண்ணணும்னு சொல்றேன். நான் இங்கேயேதான் இருப்பேன்.”

சண்முகவேல் திரும்பி, மணல் மேட்டைப் பார்த்து நடந்தார்.